பேக்கப் இல்லாமல் ஃபைல் போனால்: செய்யக் கூடாதவை

ஷிஃப்ட், டெலீட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் அழுத்தினேன், வேறு ஃபோல்டரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு. வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்த இரண்டு வருடப் போட்டோக்கள் போயின. விண்டோஸ் தானாகப் பிரதி எடுத்துவைக்கும் ஃபைல் ஹிஸ்டரி வசதியை நான் ஒருநாளும் ஆன் செய்து வைத்ததில்லை. பதறிப்போய் மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டினேன். எல்லாப் படங்களும் பட்டியலில் வந்து நின்றன. அப்பாடா என்று அத்தனையையும் தேர்ந்தெடுத்து, அதே ஹார்ட் டிஸ்க்கில் ‘மீட்டவை’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் சேமித்தேன்.

முதல் நூறு படங்கள் அருமை. அப்புறம் பாதிப் படம் சாம்பல் நிறம். இன்னும் கீழே போனால், மேல்பாதியில் ஒரு குழந்தையின் நெற்றி, கீழ்ப்பாதியில் வேறொரு நாளின் கடல். மீட்ட படங்களை, இன்னும் மீட்கவேண்டிய படங்களின் மேலேயே எழுதிக்கொண்டே போயிருக்கிறேன்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துவிட்டால் மற்ற தவறுகள் பாதி தானாகவே விலகும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்எஃப்டி என்ற அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. ஃபைலை அழித்தால் அந்தப் பதிவில் ‘உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு குறி விழும், அது இருந்த இடம் காலிக் கணக்கில் சேரும். அவ்வளவுதான். படம் இருந்த இடத்தில் படம் அப்படியே கிடக்கும். புதிதாக எதையாவது எழுத இடம் தேடும்போது கம்ப்யூட்டர் அந்த ‘காலி’ இடத்தையும் எடுத்துக்கொள்ளும். எப்போது எடுக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது.

ஆகவே, ஃபைல் போன டிரைவில் எதையும் எழுதக்கூடாது. கேட்க எளிது. ஆனால் போனது சி டிரைவில் என்றால், கம்ப்யூட்டர் ஆனில் இருப்பதே எழுதுவதுதான். அப்டேட் இறங்கும், நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் ஃபைல்கள் வளரும், மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைல் மாறும். ‘அழிந்த ஃபைலை மீட்பது எப்படி’ என்று அதே கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து தேடுகிறீர்களே, பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தின் படங்களும் பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பான கேஷில் போய் உட்காருவது அதே சி டிரைவில்தான். தேடுவதை போனில் தேடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். முறைப்படி ஷட் டவுன் செய்வதா, பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நான் இரண்டாவது கட்சி, ஏனென்றால் ஷட் டவுன் ஆகும் நேரத்திலும் விண்டோஸ் நிறைய எழுதும். பிறகு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிரைவாக மாட்டிப் பார்ப்பது, அல்லது பென் டிரைவில் இருந்து லினக்ஸை ஓட்டிப் பார்ப்பதுதான் சரி. தரவைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்ட டிரைவாக இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த கம்ப்யூட்டருக்கு அந்த டிஸ்க்கில் தெரிவது வெறும் குப்பை.

கேமரா மெமரி கார்டில் இது ரொம்பச் சுலபம். பெரிய எஸ்டி கார்டின் பக்கவாட்டில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சின்னப் பூட்டு இருக்கும். படங்கள் போனது தெரிந்த உடனே அதைக் கீழே தள்ளிவிட்டால், கேமராவும் கார்டு ரீடரும் அதில் எழுத மறுக்கும்.

மென்பொருளை எங்கே இறக்குவது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். ஃபைல் போன டிரைவிலேயே நிறுவக்கூடாது. ரெக்யூவா போன்ற மீட்பு மென்பொருள்களில் நிறுவாமலே பென் டிரைவில் இருந்து ஓட்டக்கூடிய போர்ட்டபிள் வடிவம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி, மீட்கும் இடமும் சேமிக்கும் இடமும் வேறு வேறு டிரைவாக இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்கும். அது எனக்குப் பிடித்த கண்டிப்பு. ஆனால் அதை நிறுவுவதே மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகத்தான், பெரும்பாலும் சி டிரைவில்தான். போனது சி டிரைவில் என்றால் அதை வேறு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிரைவ். இங்கே கதையே வேறு. விண்டோஸ் 7 காலம் முதல், ஒரு ஃபைலை அழித்ததும் ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்று டிரைவுக்கே தகவல் போகிறது. இதற்குப் பெயர் டிரிம். டிரைவ் தன் வசதிப்படி அந்த இடங்களைத் துடைத்துவிடும். துடைப்பதற்கு முன்பே கேட்டாலும் பல டிரைவ்கள் வெறும் பூஜ்யங்களைத்தான் திருப்பித் தரும். மீட்பு மென்பொருளோ ஃபைலின் பெயரையும் அளவையும் துல்லியமாகக் காட்டும், பக்கத்தில் பச்சை நிறத்தில் ‘நல்ல நிலை’ என்றும் போடும். அது பார்த்தது எம்எஃப்டி பதிவை மட்டும்தான். அந்தப் பட்டியலை நம்பிப் பணம் கட்டி முழுப் பதிப்பு வாங்குவதுதான் இந்த விஷயத்தில் மிகச் செலவான தவறு. முன்தோற்றத்தில் படம் திறக்கிறதா, எழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பென் டிரைவ், மெமரி கார்டுகளில் பெரும்பாலும் டிரிம் நடப்பதில்லை என்பதால் அங்கே நம்பிக்கை அதிகம். யுஎஸ்பியில் மாட்டும் எஸ்எஸ்டியில் டிரிம் நடக்குமா என்பது, அது இருக்கும் பெட்டியைப் பொறுத்தது.

அழிக்கவே இல்லை, டிரைவ்தான் திறக்கவில்லை என்பது இன்னொரு வகை. ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவேண்டும்’ என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். பணிவுக்கு மயங்கி ஓகே கொடுக்காதீர்கள். குயிக் ஃபார்மேட் ஆகிவிட்டால்கூட, சுழலும் டிஸ்க்கில் பழைய தரவு பெரும்பாலும் அடியில் கிடக்கும். விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மேட் என்பது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுவது. அதற்கப்புறம் மீட்க ஒன்றும் இல்லை. விண்டோஸின் செக் டிஸ்க் கருவியை ஓட்டுவதும் அவசரத்தில் வேண்டாம். அதன் வேலை டிரைவின் கணக்கைச் சரிசெய்வது, உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அல்ல. கணக்குக்கு ஒத்துவராத துண்டுகளைப் பெயரில்லாத சிஎச்கே ஃபைல்களாக ஒரு மூலையில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும்.

டிரைவ் டிக் டிக் என்று தட்டினால் மென்பொருளின் எல்லை அங்கேயே முடிந்துவிட்டது. சுழலும் தட்டைத் தொடாமல், தூசியைவிடக் குறைந்த இடைவெளியில் மிதக்கவேண்டிய படிக்கும் முனை சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டு கீறப்படலாம். ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது, வீட்டு மேசையில் திறந்து பார்ப்பது எல்லாம் கேட்க நன்றாக இருக்கும். உள்ளே நீர்த்துளியும் தூசியும்தான் மிச்சம். கரண்டை எடுத்துவிட்டு, சுத்த அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்திடம் கொடுக்கலாமா என்று யோசிப்பதுதான் வழி. தட்டும் சத்தம் இல்லை, படிக்கத்தான் திணறுகிறது என்றால் முதலில் முழு டிஸ்க்கையும் நகல் எடுங்கள். லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ இதற்கென்றே வந்தது. சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று தனி ஃபைலில் குறித்துவைப்பதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்தில் தொடரலாம். மீட்பு வேலை எல்லாம் அந்த நகலில் நடக்கட்டும்.

ஆழமான ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் ஃபைல் பெயரைப் பார்ப்பதில்லை, ஃபைலின் ஆரம்ப எழுத்துகளைத் தேடுகின்றன. அதனால் பெயரும் ஃபோல்டரும் போய், எஃப் என்ற எழுத்தும் நீளமான எண்ணுமாக ஃபைல்கள் வந்து குவியும். எல்லா வகைகளையும் டிக் செய்துவிட்டு ஓட்டினால் பிரவுசரின் குட்டிப் படங்கள் ஆயிரக்கணக்கில் வரும், உங்களுடையது அதற்குள் எங்கோ. வேண்டிய வகையை மட்டும் தேர்ந்தெடுங்கள். வேர்டு ஃபைல் தேடிப்போய் ஜிப் ஃபைல் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். வேர்டின் டாக்எக்ஸ் வடிவம் என்பதே உள்ளுக்குள் ஒரு ஜிப்தான், இரண்டும் பிகே என்ற எழுத்துகளில்தான் தொடங்கும். ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. ஃபைல் பெயரின் பின்னொட்டை டாக்எக்ஸ் என்று மாற்றித் திறந்து பாருங்கள்.

நியாயமாக இதை முதலில் சொல்லியிருக்கவேண்டும்: டிஸ்க்கைத் தோண்டுவதற்கு முன், அந்த ஃபைல் வேறெங்காவது இருக்கிறதா என்று பார்க்காமல் இருப்பதுதான் பலர் செய்யும் தவறு. சேமிக்காமல் மூடிய வேர்டு ஆவணத்துக்கு மீட்பு மென்பொருளே தேவைப்படாமல் போகலாம். ஃபைல் மெனுவில் இன்ஃபோ பகுதியில் சேமிக்காத ஆவணங்களை மீட்கும் வசதி இருக்கிறது. ஆட்டோரெக்கவர் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்கும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியிலும், தனிநபர் ஒன்டிரைவ் கணக்கின் ரீசைக்கிள் பின்னிலும் 30 நாள் வரை ஃபைல் கிடக்கும். கம்ப்யூட்டரில் அழித்தது அங்கேயும் அழிந்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அழிந்து போய்ச் சேர்ந்த இடம் அந்தத் தொட்டி. அப்புறம் மெயிலில் அனுப்பிய இணைப்புகள், வாட்ஸ்அப்பில் யாருக்கோ பகிர்ந்தவை, பழைய போன்.

என் சாம்பல் படங்களில் முப்பது நாற்பதுக்கு நல்ல பிரதி, ஒரு வருடம் கழித்து, மெயிலின் ‘சென்ட்’ ஃபோல்டரில் கிடைத்தது. அளவு சுருங்கியிருந்தது. குழந்தையின் நெற்றிக்குக் கீழே முகம் முழுதாக இருந்தது.