பல நாள் மலை சைக்கிள் பந்தயமா? இரண்டாம் நாளுக்குத் தயாராகுங்கள்

தருமபுரிக்காரர்களுக்கு வத்தல்மலை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஞாயிறு மட்டும் ஏறி இறங்கினால் போதாது. சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ஏறுங்கள். களைத்த காலோடு ஏறுவதுதான் உண்மையான பயிற்சி. தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் என்ற மலை சைக்கிள் பந்தயம் எட்டு நாள் நடக்கும், இருவர் ஓர் அணி. முதல் நாளே பாய்ந்தால் கூட்டாளிக்கும் சேர்த்துத்தான் கேடு.

மேட்டைவிட, சைக்கிள் இருக்கையில் உரசி வரும் புண் பொல்லாதது. வண்டியை விட்டு இறங்கியதும் அரட்டையில் உட்காராமல், வியர்வையில் ஊறிய கால்சட்டையை முதலில் கழற்றுங்கள். உடம்பைக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுங்கள். மெத்தை வைத்த கால்சட்டைக்குள் உள்ளாடை வேண்டாம்; தையல் உரசும். துவைக்கும்போது சோப்பு மிச்சம் இருக்கக் கூடாது. நாளுக்கு ஒரு கால்சட்டை இருந்தால் நிம்மதி.

பசிக்காவிட்டாலும் ஓட்டி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். சோறோ களியோ, எதுவானாலும் சரி.

டியூப்லெஸ் (உள் டியூப் இல்லாத) டயரில் ஊற்றிய சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். வேல முள் குத்திய பிறகுதான் பலருக்கு நினைவு வருகிறது. கிளம்பும் முன் சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். தளும்பும் சத்தம் கேட்கவில்லையா? மறுபடி ஊற்றுங்கள்.