ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளியில் நட்பு: புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

யாழ்ப்பாணத்திலும் சரி, மதுரையிலும் சரி, பள்ளிக்கூடத்தில் நட்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரே அறை, ஆண்டு முழுவதும் அதே முகங்கள். ஆசிரியர்கள்தாம் மாறி மாறி வந்து போவார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இது தலைகீழ்: ஆசிரியர் தம் அறையிலேயே இருப்பார், மணி அடித்ததும் மாணவர்கள் அறை மாறுவார்கள். 9 முதல் 12 வரையான வகுப்புகளைக் கொண்ட உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஆண்டை இரண்டு செமஸ்டராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நான்கு பாடங்களை நடத்துகின்றன. கணிதத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளை அடுத்த பாடத்தில் இருக்கமாட்டாள். பெப்ரவரி பிறந்தால் அந்தக் கணிதப் பாடமே முடிந்துபோயிருக்கும். "வகுப்பில் யாரோடு சிநேகம்?" என்று நாம் கேட்கும்போது பிள்ளை விழிப்பதற்கு இதுதான் காரணம். நாம் நினைக்கிற பொருளில் ‘வகுப்பு’ என்ற ஒன்று இங்கே இல்லை.

இந்த வெறுமை முதலில் தெரிவது மதிய உணவு வேளையில். என் மகன் 10ஆம் வகுப்பில் சேர்ந்த புதிதில், கட்டிக்கொடுத்த புட்டு நாள்தோறும் அப்படியே திரும்பி வந்தது. மற்றவர்கள் முன் சாப்பிடக் கூச்சப்படுகிறான் என்று எண்ணிச் சாண்ட்விச் செய்து கொடுத்தோம். அதுவும் திரும்பி வந்தது. உணவுக்கூடத்தில் எந்த மேசையில் போய் உட்காருவது என்று தெரியாமல், அந்த நேரம் முழுவதையும் அவன் மாடிப்படியில் கழித்தான் என்பது எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இதற்கு நான் கண்ட எளிய வழி, உணவுக்கூடத்துக்குத் தனியே போகாமல் இருப்பதுதான். பெரிய பள்ளிகளில் உணவு வேளை இரண்டு பிரிவாக நடப்பதால், காலையில் பழகியவருக்கு வேறு நேரம் அமைந்திருக்கலாம். ஆகவே, உணவுக்கு முந்தைய பாடத்தில் அருகில் இருப்பவரிடம், "நீ எங்கே சாப்பிடுவாய், நானும் வரலாமா?" என்று கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க என் மகனுக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படும் ஈ.எஸ்.எல். வகுப்பில் பிள்ளையைப் போட்டுவிட்டார்களே என்று வருந்தும் பெற்றோர் நம்மவரில் பலர். படிப்பைப் பற்றிய அந்தக் கவலையை இங்கே விட்டுவிடுகிறேன். நட்பைப் பொறுத்தவரை அந்த அறையைப் போல் நல்ல இடம் வேறில்லை. 9ஆம் வகுப்புப் பிள்ளையும் 12ஆம் வகுப்புப் பிள்ளையும் அங்கே சேர்ந்தே இருப்பார்கள். பிலிப்பைன்ஸிலிருந்தோ சிரியாவிலிருந்தோ வந்தவருக்கும் உங்கள் பிள்ளையின் அதே தடுமாற்றம் இருக்கும். ஆங்கிலம் பிழையாக வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மற்ற நட்புகள் பெரும்பாலும் கடைசி மணிக்குப் பிறகே உருவாகின்றன. விளையாட்டு அணிகளுக்கான தேர்வுகளையும் மன்றங்களின் கூட்டங்களையும் காலை அறிவிப்பில் ஒலிபெருக்கி வழியாக விரைவாகச் சொல்லிவிடுவார்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு அதில் பாதி விளங்காது. அறிவிப்பு எழுத்திலும் கிடைக்குமா என்று ஆசிரியரிடம் கேட்டு வைப்பது நல்லது. என் மகன் கைப்பந்து அணித் தேர்வுக்குப் போய்த் தோற்றான். ஆனால் பயிற்றுநரான ஆசிரியர் புள்ளி குறிக்க ஆள் வேண்டும் என்றார். அணியோடு பேருந்தில் போய் வந்த அந்தப் பயணங்களில்தான் அவனுக்கு முதல் இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெறுவதற்குக் கட்டாயமான 40 மணி நேரச் சமூகப் பணியையும் வெறும் கணக்காக முடித்துவிடாமல், ஒரே இடத்துக்கு வாரந்தோறும் போகும்படி அமைத்துக்கொண்டால் அங்கேயும் ஒரு கூட்டம் சேரும்.

ஸ்காபரோ, மார்க்கம் போன்ற இடங்களில் பள்ளி நிறையத் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை நம்பி வருபவர்களுக்கு ஒரு சிறு அதிர்ச்சி காத்திருக்கும். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும். ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். சிலர் புதியவரை ‘ஃப்ரெஷி’ என்று கேலி செய்வதும் உண்டு. ஜனவரி மாதம் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோவில் 2014இல் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. சில பள்ளிகளில் தமிழ் மாணவர் மன்றங்கள் அம்மாதம் நிகழ்ச்சி நடத்தும்போது, சரளமாகத் தமிழ் பேசவும் பாடவும் தெரிந்தவரைத் தேடுவார்கள். கேலி செய்த அதே பிள்ளைகள் அப்போது உங்கள் பிள்ளையிடம் வந்து பாட்டின் பொருள் கேட்பார்கள். கேலி எல்லை மீறினால் பொறுத்திருக்க வேண்டாம், பள்ளியின் துணை அதிபரிடம் (துணை முதல்வரிடம்) சொல்லுங்கள்.

நடைவழியில் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டவர் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, அது வணக்கம் சொல்வதைப் போன்றது. "ஒரு நாள் சந்திப்போம்" என்பதும் அப்படித்தான், நாள் குறித்தால்தான் அது அழைப்பு. தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக இன்ஸ்டகிராம் கணக்கையே கேட்பார்கள். 2024 செப்டெம்பரிலிருந்து 7 முதல் 12 வரையான வகுப்புகளில், ஆசிரியர் அனுமதித்தால் ஒழிய, பாட நேரத்தில் கைபேசி கண்ணில் படக்கூடாது என்பதால், வகுப்பில் பேச்சைத் தொடங்குவது முன்னைவிட எளிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான். மணி அடித்ததும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற நம் வழக்கத்தை வாரத்தில் இரண்டு நாளாவது தளர்த்துங்கள். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அந்த இரண்டு நாளும் நீங்களே போய்க் கூட்டி வரலாம். இடையில், நவம்பரில் வந்து சேர்ந்த பிள்ளை எல்லோரும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்களே என்று சோர்ந்தால், பெப்ரவரியில் புதிய செமஸ்டர் தொடங்குகிறது என்று சொல்லி வையுங்கள். அன்றைக்கு அந்த அறைகளில் எல்லோருக்கும் பக்கத்து இருக்கை புதிது.