அந்த ஒரு ரூபாயால் போன வரிக்கழிவு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஆடி மாரியம்மன் பண்டிகை நெருங்கினால் போதும், "அன்னதான டிரஸ்ட் ஆரம்பிச்சிருக்கோம்ணே, 80ஜி வாங்கிக் கொடுங்க" என்று ஆட்கள் வந்துவிடுவார்கள். 80ஜி என்றால், நன்கொடை கொடுத்தவர் தன் வருமான வரிக் கணக்கில் கழிவு பெற வழிசெய்யும் பதிவு.

முதலில் பத்திரத்தை வாங்கிப் பார்ப்பேன். ஒரு பத்திரத்தில் "நமது சமுதாய மக்களின் நலனுக்காக" என்று இருந்தது. காரியம் கெட அந்த ஒரு வரி போதும். தர்ம ஸ்தாபனத்தின் பலன் ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்றால் வரிவிலக்கும் இல்லை, 80ஜியும் இல்லை. "சாதி, மத வேறுபாடின்றி" என்று எழுதிப் பதியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கு என்றால் தடையில்லை. ஏற்காட்டு மலைக் கிராமப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு என்று தாராளமாக எழுதலாம்.

அடுத்து டிரஸ்ட் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு. பிறகு படிவம் 10ஏ. டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி, 80ஜி இரண்டுக்கும் 3 வருஷத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அதோடு தூங்கிவிடக் கூடாது. தொண்டு தொடங்கி 6 மாதத்துக்குள், தற்காலிகமல்லாத முறையான பதிவுக்குப் படிவம் 10ஏபி போட வேண்டும். ஆடியில் கூழ் ஊற்றினால் தை பிறப்பதற்குள். இங்கே நான் சொல்லும் பிரிவு, படிவ எண்களெல்லாம் 1961 வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் முதல் புதுச் சட்டம் என்பதால் எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரசீது புத்தகம். நம் ஊரில் மொய் எழுதுகிற கை, 2001 ரூபாயை ரொக்கமாக நீட்டும். வினையே அந்த ஒரு ரூபாய்தான். ரொக்கம் 2000-ஐத் தாண்டினால் மொத்தத் தொகைக்கும் கழிவு போய்விடும். ஜிபேயில் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது செக். லீ பஜாரிலிருந்து அரிசி மூட்டை, வெல்லம் இறக்குவார்கள். புண்ணியம் உண்டு, 80ஜி கிடையாது. பணமாகக் கொடுத்தால்தான் கழிவு. "ஒரு அன்பர்" என்று ரசீது போடாதீர்கள். முழுக்க வழிபாட்டுக்கான டிரஸ்ட் என்றால் பெயரில்லாத உண்டியல் காசுக்குச் சிக்கல் இல்லை. தர்ம டிரஸ்ட் என்றால், மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம், எது அதிகமோ அதற்கு மேல் வருவதற்கு 30 சதவீத வரி.

பெயர், முகவரி, பான் மூன்றையும் அன்றே வாங்கிவிடுங்கள். நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள், நன்கொடையாளர் விவரம் தரும் படிவம் 10பிடி போட்டு, கொடுத்தவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய்.

ஒருமுறை ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவரின் பானில் இரண்டு எண்களை இடம் மாற்றி அடித்துவிட்டேன். தப்பு என்னுடையது. திருத்தப் படிவம் போட்டு, சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆலைக்கே ஓடினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த வருஷம் புது வரி முறைக்கு மாறியிருந்தாராம். அதில் 80ஜி கழிவே கிடையாது. இப்போதெல்லாம் ரசீது கிழிக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: "பழைய முறையா, புதுசாங்க?"