அல்கலைன் பாஸ்படேஸ் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைப்பெட்டைச் சரியாகப் பிடிக்காதது, குழாயில் பெயர் எழுதாதது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதையெல்லாம் யாராவது திட்டியே திருத்திவிடுவார்கள். ஒவ்வொரு புது மாணவரிடமும் யார் கண்ணிலும் படாமல் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் வேறு.

பாஸ்பேட் பஃபர்

பஃபர் என்பது பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல். அதில் பாஸ்பேட் இருப்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது. அல்கலைன் பாஸ்படேஸ் ஒரு ஹைட்ரோலேஸ் வகை நொதி. பாஸ்பேட் எஸ்டர் பிணைப்பை நீரைக் கொண்டு உடைத்து, ஆல்கஹாலையும் கனிம பாஸ்பேட்டையும் தனித்தனியாக விடுவிக்கும். சோதனையில் நாம் சப்ஸ்ட்ரேட்டாக, அதாவது நொதி உடைக்க வேண்டிய பொருளாக, கொடுப்பது பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட். அது உடைந்தால் நைட்ரோஃபீனால் பிரிந்து மஞ்சள் நிறம் வரும், 405 நானோமீட்டரில் அளக்கலாம்.

சரி, வினையில் பிறக்கும் அந்த பாஸ்பேட்டே இந்த நொதிக்குப் போட்டித் தடுப்பான். சப்ஸ்ட்ரேட் உட்கார வேண்டிய செயல்மையத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். வழக்கமான பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் சுமார் 10 மில்லிமோலார் பாஸ்பேட் இருக்கிறது. நொதியை அதிலேயே டயாலிசிஸ் செய்துவிட்டு (சவ்வு வழியே கரைசலை மாற்றிவிட்டு) "நொதி செத்துப்போச்சு" என்கிறார்கள்.

நிறமே வராமல் போனால்கூடத் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு மாணவிக்கு நிறம் வந்தது, அதுதான் வம்பு. சப்ஸ்ட்ரேட் நிறைய இருந்தால் போட்டித் தடுப்பு மறைந்துவிடும், வி-மேக்ஸ் (நொதியின் உச்ச வேகம்) மாறாது. கே.எம். (உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவைப்படும் சப்ஸ்ட்ரேட் செறிவு) மட்டும் ஏறிக்கொண்டே போனது. நொதியைச் சுத்திகரித்த காலம்னைக் (column) குறை சொன்னாள், மறுபடி சுத்திகரித்தாள், புது சப்ஸ்ட்ரேட் வரவழைத்தாள். கடைசியாக எந்த பஃபரில் டயாலிசிஸ் செய்தாய் என்று கேட்டேன். "எப்பவும் போடுறதுதான் சார்!" பாஸ்பேட் இல்லாத ட்ரிஸ் பஃபருக்கு மாற்றியதும் கே.எம். இறங்கியது. அதுவரை எடுத்த எண்கள் அத்தனையும் குப்பைக்கு.

ட்ரிஸ்ஸும் சும்மா இருக்காது. நொதியிடமிருந்து பாஸ்பேட்டைத் தானே வாங்கிக்கொண்டு வேகத்தைக் கூட்டிவிடும். டைஎத்தனாலமீன் பஃபரும் அப்படித்தான். ஆகவே எந்த பஃபர் என்று பார்க்காமல் இரண்டு ஆய்வுகளின் வேகத்தை ஒப்பிடாதீர்கள்.

இ.டி.டி.ஏ.

இது உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள். நொதியின் செயல்மையத்தில் இரண்டு துத்தநாக அயனி, ஒரு மெக்னீசியம் அயனி. அவற்றைப் பிடுங்கிவிடும். போடாதீர்கள்.

ஒரே ஒரு அளவீடு

அரை மணி கழித்து ஒரு முறை பார்த்து வகுத்தால் அது வேகம் ஆகாது. நேரத்தோடு நிறம் கூடுவதைக் காட்டும் கோடு எதுவரை நேராக ஓடுகிறதோ அதுவரைதான் கணக்கு.

பழைய சப்ஸ்ட்ரேட்

நொதியே இல்லாமலும் மெல்ல மஞ்சளாகும். அன்றன்று கரையுங்கள், பிளாங்க் (நொதி சேர்க்காத குழாய்) வையுங்கள்.

அமில பாஸ்படேஸில் நிறத்தைத் தேடுவது

இது அமிலச் சூழலில் வேலை செய்யும் இன்னொரு நொதி, சப்ஸ்ட்ரேட் இதேதான். ஆனால் பி.எச். 5 வாக்கில் நைட்ரோஃபீனால் புரோட்டானை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய நிறமற்றே இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி வினையை நிறுத்துங்கள், அப்புறம் பாருங்கள்.