ஷட்டவுன் பண்ண கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகுதா? எழுப்புறது எதுன்னு கண்டுபிடிக்கலாம்

ராத்திரி கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டுப் படுத்தா நடுச்சாமத்துல ஃபேன் சத்தம் கேக்குது, எந்திரிச்சுப் பாத்தா மானிட்டர் எரியுது. எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள்ள கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை பெட்டி) போச்சுன்னு உடனே புதுசு வாங்கிடாதீங்க, பல நேரம் விஷயம் செட்டிங்ஸ்லதான் இருக்கும். ஷட்டவுன் பண்ணாலும் பிளக்ல கரண்ட் இருக்கிற வரைக்கும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டேண்ட்பை போய்க்கிட்டேதான் இருக்கும், பவர் பட்டனும் நெட்வொர்க் கேபிள் சொருகுற லேன் கார்டும் அதை வெச்சுத்தான் மெஷினை எழுப்புது.

ஸ்டெப் 1: ஆன் ஆனதும் நீங்க திறந்து வெச்ச ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கா? அப்போ அது ஸ்லீப்ல இருந்து முழிச்சிருக்கு. புதுசா பூட் ஆகியிருந்தா நேரா ஸ்டெப் 3 போங்க.

ஸ்டெப் 2: முழிச்ச உடனே கமாண்ட் பிராம்ப்டை அட்மினா திறந்து, பவர்னு அடிச்சு ஒட்டுனாப்புல சி, எஃப், ஜி மூணு எழுத்து, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், அப்புறம் லாஸ்ட்வேக்னு ஒரே வார்த்தையா போட்டு என்டர் தட்டுங்க. மவுஸ், லேன் கார்டுன்னு பேர் காட்டுனா டிவைஸ் மேனேஜர்ல அதோட பவர் மேனேஜ்மென்ட் டேப்ல கம்ப்யூட்டரை எழுப்ப விடுற டிக்கை எடுத்துடுங்க. லாஸ்ட்வேக்குக்குப் பதிலா வேக்டைமர்ஸ்னு போட்டா டைமர் வெச்சிருக்கிற புரோகிராம் தெரியும், பவர் ஆப்ஷன்ஸ்ல ஸ்லீப்புக்குக் கீழ வேக் டைமர்ஸை டிசேபிள் பண்ணா அது நின்னுடும். ரெண்டுலயும் ஒன்னும் வரலேன்னா ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக் போய் பவர் டிரபிள்ஷூட்டர்னு இருக்கிற வரியைத் திறங்க, வேக் சோர்ஸ் அங்க எழுதியிருக்கும்.

ஸ்டெப் 3: கரண்ட் போய் வந்ததும் ஆன் ஆகுதான்னு கவனிங்க, ஆகுதுன்னா பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற மதர்போர்டு செட்டிங்ஸ்) ஏசி பவர் லாஸ்னு வர்ற ஆப்ஷன் பவர் ஆன்ல இருக்கும், அதை பவர் ஆஃப்னு மாத்துங்க. நெட்வொர்க் வழியா எழுப்புற வேக் ஆன் லேன், குறிச்ச நேரத்துக்கு எழுப்புற ஆர்டிசி அலாரம் ரெண்டும் அங்கயேதான் இருக்கும், தேவையில்லேன்னா ஆஃப் பண்ணுங்க, ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, எது காரணம்னு கடைசிவரைக்கும் தெரியாமப் போயிடும். மாத்துனது மறுபடி பழையபடி ஆகி, தேதியும் தப்பா காட்டுதா? போர்டுல இருக்கிற 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியை மாத்தணும்.

விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒன்னு இருக்கு, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் முழு ஷட்டவுனே கிடையாது. ஷிஃப்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஷட்டவுன் கிளிக் பண்ணிப் பாருங்க, அப்படிப் பண்ணா ராத்திரி அமைதியா இருக்குன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமா ஆஃப் பண்ணிடுங்க.

ஸ்டெப் 4: இன்னும் ஆன் ஆகுதா, பிளக்கைப் பிடுங்கிட்டு கேபினட்டைத் திறந்து பவர் பட்டன்ல இருந்து போர்டுக்கு வர்ற சின்ன ரெண்டு பின் வயரைக் கழட்டுங்க. திரும்ப பிளக் போட்டு ஒரு ராத்திரி விடுங்க, ஆன் ஆகலேன்னா பட்டன்தான் உள்ள ஒட்டிக்கிது, அதை மாத்துனா போதும். அப்பவும் ஆன் ஆனாத்தான் எஸ்எம்பிஎஸ், போர்டு மேல சந்தேகப்படணும், வேற நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்னை மாட்டிப் பாத்தா தெரிஞ்சிடும். எஸ்எம்பிஎஸ் மூடியை மட்டும் தயவுசெஞ்சு கழட்டாதீங்க, பிளக்கைப் பிடுங்குன பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் இருக்கும், ஷாக் பலமா அடிக்கும்.