சின்னக் கடைக்குப் பெரிய ஜெனரேட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புதிதாகக் கடை திறப்பவர்கள் ஜெனரேட்டரில் செய்யும் தவறுகள் எல்லாம் பழையவை. பக்கத்துக் கடைக்காரர் ஏற்கெனவே காசு கொடுத்துக் கற்றவை. டீசல் தீர்வது, பேட்டரி இறங்குவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

"எதுக்கும் பெரிசாவே இருக்கட்டும்"

கேட்டாலே எரிச்சல் வரும் வாக்கியம். இருபது எல்.இ.டி. விளக்கு, எட்டு ஃபேன், ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு, பில் போடும் கம்ப்யூட்டர். எல்லாம் ஓடினாலும் சுமார் 4.5 கிலோவாட்தான். இதற்கு 40 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அளவு) வாங்குகிறார்கள். 0.8 பவர் ஃபேக்டரில் (கே.வி.ஏ.வில் வேலைக்கு வரும் பங்கு) அது 32 கிலோவாட். ஏறும் லோடு 14 சதவீதம்.

30 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓடினால் டீசல் இன்ஜின் கெடும். சிலிண்டர் சூடேறாது, டீசல் அரைகுறையாக எரியும், பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டிப் பிடிக்காது. எரியாத டீசலும் கரியும் கலந்து சைலன்சர் ஜாயின்ட்டில் தார் மாதிரி வழியும். "ஆயில் லீக்" என்று கேஸ்கெட் மாற்றுவார்கள்; மறுபடியும் வழியும். அதற்குள் டீசல் தெளிக்கும் நாசிலில் கரி படிந்து, இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்து, சிலிண்டர் சுவர் கண்ணாடி போல வழவழத்துவிடும். அப்புறம் இன்ஜினைப் பிரித்து ஹோனிங் (சுவரைத் தேய்த்து மறுபடி சொரசொரப்பாக்குவது) செய்ய வேண்டியதுதான்.

வழிய ஆரம்பித்தவுடன் பிடித்தால், லோடு பேங்கை (செயற்கையாக லோடு கொடுக்கும் கருவி) வாடகைக்கு எடுத்து 70-75 சதவீதம் வரை படிப்படியாக ஏற்றிச் சில மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் சுத்தமாகும். ஒரே அடியாக ஏற்றக் கூடாது. சைலன்சரில் படிந்தது தீப்பிடிக்கும்.

மேலே சொன்ன கடைக்கு 10 கே.வி.ஏ. போதும். இரண்டு ஏ.சி.யையும் ஒரே நேரத்தில் போடாமல், ஒன்று நிதானமான பிறகு அடுத்ததைப் போட வேண்டும்.

வாராவாரம் பத்து நிமிஷம் சும்மா ஓட்டிப் பார்ப்பதும் இதே தவறின் தம்பிதான். மாதம் ஒருமுறை, லோடோடு, அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

புகைக்குழாய்

கட்டட உயரத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்பதற்குக் கணக்கு உண்டு: கே.வி.ஏ.வின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்க வேண்டும். 25 கே.வி.ஏ.வுக்கு 1 மீட்டர். ராயபுரம் சந்துகளில் சுவரோடு சுவர் வீடு. குழாயைப் பாதியில் நிறுத்தினால் புகை எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போகும். உயரத்துக்காகக் குழாயை நீட்டும்போது விட்டத்தையும் கூட்டுங்கள். ஒல்லிக் குழாயில் நாலு வளைவு வைத்தால் இன்ஜின் மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கும்.

புகையின் நிறம்

கறுப்பு: முதலில் ஏர் ஃபில்டர், பிறகு ஓவர்லோடு. நீலம்: இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் நாசிலையும் கூலன்ட்டையும் பாருங்கள்.

செட்டின் விவரத் தகடு பார்க்காமல் முன்பணம்

2023 ஜூலை 1 முதல் புது செட்டுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சி.பி.சி.பி. 4 பிளஸ் புகை விதி. பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஷட்டரை மூடி உள்ளே ஓட்டுவது

கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.