ஷட்டவுன் வந்தால் சம்பளம் வருமா? டிசி பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

ஹெர்ன்டன், ஆஷ்பர்ன், ஜெர்மன்டவுன் என்று வாஷிங்டனைச் சுற்றி எங்காவது புதிதாக வந்து இறங்கியிருக்கிறீர்கள் என்றால், வாடகை வீடு, கார் இன்ஷூரன்ஸ், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். பணம் ஒதுக்கப்படாமல் மத்திய அரசு அலுவலகங்கள் மூடிக்கொள்ளும் ஷட்டவுனைப் பற்றி மட்டும் அது தலைக்கு மேல் வந்து நிற்கும் வாரம் வரைக்கும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் செப்டம்பர் கடைசியில் வாட்ஸ்அப் குழு முழுக்க அதே பேச்சுதான். "எச்1பி எல்லாம் நின்னுடுமாம்" என்று வேலை விசாவைப் பற்றிச் சொல்வார் ஒருவர். "கவலைப்படாதீங்க, கடைசியில எல்லாருக்கும் மொத்தமா கொடுத்துடுவாங்க" என்பார் இன்னொருவர். இரண்டுமே தப்பு, அதிலும் இரண்டாவதை நம்பிக் கையில் இருக்கும் காசைச் செலவழித்துவிட்டவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

அமெரிக்க மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், 12 செலவு மசோதாக்களை நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் பழைய ஒதுக்கீட்டையே சில வாரங்களுக்கு நீட்டிக்கும் தற்காலிகச் சட்டம் ஒன்றையாவது போட வேண்டும். இரண்டும் இல்லையென்றால், பணம் ஒதுக்கப்படாத துறை செலவு செய்யவே கூடாது என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி அதற்குக் கறாராகப் பொருள் சொன்னதிலிருந்துதான் அலுவலகத்தையே மூடுகிற வழக்கம் வந்தது. இந்தியாவில் மக்களவையில் பட்ஜெட் தோற்றால் ஆட்சியே கவிழும், அதனால் நமக்கு இது புரியவே கொஞ்ச நேரம் ஆகும். இங்கே அதிபரும் இருப்பார், காங்கிரஸும் இருக்கும், எம்.பி.க்களுக்குச் சம்பளமும் வரும், கீழே இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் நிற்கும்.

2013இல் நடந்த ஷட்டவுன் 16 நாள் நீடித்தது, 2018-19இல் 35 நாள், 2025இல் 43 நாள். இரண்டு மூன்று நாளில் முடிந்துபோனவையும் உண்டு, ஆனால் திட்டம் போடும்போது நீளமானதை வைத்துத்தான் போட வேண்டும். எல்லாத் துறையும் ஒரே நேரத்தில் மூடும் என்றும் இல்லை. 2018-19இல் பல துறைகளுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கியாகிவிட்டது, அந்தத் துறைகளில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. குடிவரவு மனுக்களைப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ், தபால் துறை, பெடரல் ரிசர்வ் போன்றவை தங்கள் கட்டணத்திலோ வருமானத்திலோ ஓடுகிறவை, அவையும் பெரும்பாலும் நடக்கும். ஆகவே "அரசு மூடுது" என்று டிவியில் சொன்னதும் பதறாமல், உங்கள் வேலை எந்தத் துறையின் பணத்தில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். மாநில அரசுத் திட்டத்தில் இருப்பவர்களும் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். வர்ஜீனியாவுக்கோ மேரிலாந்துக்கோ மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பொதுவாக உடனடிச் சிக்கல் கிடையாது.

அரசு ஊழியருக்கு என்ன ஆகும்

மத்திய அரசில் நேரடி வேலைக்குப் பெரும்பாலும் குடியுரிமை வேண்டும், அதனால் புதிதாக வந்தவர்களில் இது சிலருக்கே பொருந்தும். வாழ்க்கைத் துணையோ அண்ணனோ அக்காவோ அரசு வேலையில் இருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊழியர்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதியினரை ஃபர்லோவில், அதாவது சம்பளமில்லாக் கட்டாய விடுப்பில், வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர்கள் ஆர்வத்தில் கூட அலுவலக மெயிலைத் திறந்து வேலை பார்க்கக் கூடாது, அது சட்டத்துக்கு விரோதம். இன்னொரு பகுதியினர், உயிர், உடைமை பாதுகாப்பு சம்பந்தப்பட்டவர்கள், சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்தே ஆக வேண்டும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், விமான நிலையச் சோதனை ஊழியர்கள் எல்லாம் இந்த வகை. 2018-19இல் இரண்டு வகையும் சேர்த்துச் சுமார் 8 லட்சம் பேர். 2025 நவம்பரில் ஆள் பற்றாக்குறையால் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களையே குறைத்தார்கள், ஷட்டவுன் நேரத்தில் ஊருக்கு டிக்கெட் எடுப்பவர்கள் உள்நாட்டு இணைப்பு விமானத்துக்குக் கொஞ்சம் அதிக இடைவெளி விட்டு எடுங்கள்.

இந்த இரண்டு வகையினருக்கும் நின்றுபோன சம்பளம் பின்னால் வந்துவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் நிரந்தரச் சட்டமே வந்துவிட்டது. 2025இல் அந்தச் சட்டம் தானாகவே பணத்தை உறுதி செய்யவில்லை என்று வெள்ளை மாளிகைத் தரப்பிலிருந்து ஒரு வாதம் கிளம்பி எல்லோரையும் கலக்கியது. கடைசியில் ஷட்டவுனை முடித்த சட்டத்திலேயே நிலுவைச் சம்பளத்தையும் எழுதி வைத்தார்கள். மருத்துவக் காப்பீடு நிற்காது, அந்தப் பிரீமியத்தைச் சம்பளம் வந்ததும் பிடித்துக்கொள்வார்கள். சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதால், அக்டோபர் 1இல் மூடினால் முதல் சம்பளம் குறைவாக வரும், அடுத்ததுதான் சுத்தமாக வராது. "பணம் வந்துடுச்சே, ஒண்ணும் ஆகலை" என்று அந்த முதல் சம்பளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கான்ட்ராக்டர் கதை வேறு

நம்மவர்கள் பெரும்பாலும் இருப்பது இங்கேதான், அரசுக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தனியார் கம்பெனிகளில். அரசு ஊழியர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அதே பேட்ஜ் மாட்டி, அதே வேலையைச் செய்வீர்கள், ஆனால் 2019 சட்டம் உங்களைத் தொடவே இல்லை. நின்ற நாட்களின் சம்பளத்தை அரசு பின்னால் கொடுக்காது. 35 நாள் ஷட்டவுனுக்குப் பிறகு துப்புரவு ஊழியர்கள், காவலாளிகள், கேன்டீன் ஊழியர்கள் போன்ற குறைந்த சம்பளக்காரர்களுக்காவது கொடுக்கலாம் என்று செனட்டர் டினா ஸ்மித் ஒரு மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. 2025 ஷட்டவுனை முடித்த சட்டத்திலும் கான்ட்ராக்டர்களுக்கு ஒன்றும் இல்லை. எனக்குக் கேட்டால் இது அநியாயம்தான், ஆனால் இப்போதைக்கு நிலைமை இதுதான்.

எல்லாக் கான்ட்ராக்ட்டும் முதல் நாளே நின்றுவிடாது. ஏற்கெனவே முழுப் பணமும் ஒதுக்கியாகிவிட்ட ஒப்பந்தம் என்றால் வேலை தொடரலாம். தவணை தவணையாகப் பணம் வருகிற ஒப்பந்தம் என்றால் கடைசித் தவணை தீரும் நாளில் நிற்கும். பணம் இருந்தும் கட்டடம் பூட்டியிருந்தால், அல்லது உங்கள் வேலையைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய அரசு அதிகாரி ஃபர்லோவில் போய்விட்டால், அப்போதும் நிற்கும். நிறுத்தச் சொல்லி அரசு எழுத்தில் உத்தரவு அனுப்பும், அது அரசோடு நேரடி ஒப்பந்தம் போட்ட ப்ரைம் கம்பெனிக்கு வந்து, அங்கிருந்து துணை ஒப்பந்தக் கம்பெனியான சப்புக்கு, அதற்குக் கீழே இருக்கும் வெண்டருக்கு, கடைசியாக உங்கள் எம்ப்ளாயருக்கு வந்து சேர்வதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிவிடும். நடுவில் நீங்கள் வேலை பார்த்துவிட்டால் அந்த மணி நேரத்துக்கு யார் பில் போடுவது என்று தனிச் சண்டை. அதனால் செப்டம்பர் மூன்றாவது வாரத்திலேயே மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள்: நம் வேலைக்கான அரசு ஆர்டருக்கு (டாஸ்க் ஆர்டர்) எந்தத் தேதி வரை பணம் இருக்கிறது, வேலை நின்றால் சம்பளம் எப்படி, பிடிஓவை (சம்பளத்தோடு கிடைக்கும் விடுப்பு) கழிப்பீர்களா, வேறு ப்ராஜெக்ட்டில் போடுவீர்களா, காப்பீடு தொடருமா. போனில் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள்.

கம்பெனி என்ன செய்யும் என்பது கம்பெனியைப் பொறுத்தது. பெரிய இடங்கள் சில வாரங்களுக்குத் தாங்கும், பயிற்சியில் உட்கார வைக்கும். சின்ன இடங்கள் பிடிஓவைத் தீர்க்கச் சொல்லும், தீர்ந்ததும் சம்பளமில்லா விடுப்பு என்று சொல்லும். கிரீன் கார்டிலோ குடியுரிமையிலோ இருப்பவரிடம் அப்படிச் சொல்லலாம். உங்களிடம் எச்1பி இருந்தால் சொல்ல முடியாது.

எச்1பியில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்

வேலை இல்லை என்பதற்காக எச்1பி ஊழியருக்குச் சம்பளத்தை நிறுத்தக் கூடாது. க்ளையன்ட் நிறுத்தினாலும், அரசே மூடினாலும், வேலை கொடுக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தாலும், எல்சிஏவில், அதாவது உங்களுக்காகத் தொழிலாளர் துறையிடம் போட்ட விண்ணப்பத்தில், காட்டிய சம்பளத்தை எம்ப்ளாயர் கொடுத்தே ஆக வேண்டும். இது தொழிலாளர் துறையின் விதி. வேலையிலிருந்து முறைப்படி நீக்கி, அதை யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கும் தெரிவித்து, ஊர் திரும்பும் செலவைத் தருவதாகவும் சொன்னால்தான் அந்தக் கடமை தீரும். இப்போதுதான் வந்திருக்கிறீர்கள், பேட்ஜ் வரவில்லை, பின்னணிச் சோதனை செய்கிற அலுவலகம் மூடிவிட்டது, அதனால் ப்ராஜெக்ட் தொடங்கவில்லை என்று எம்ப்ளாயர் இழுத்தடித்தாலும் அதே கதைதான்: எச்1பியில் நாட்டுக்குள் வந்து 30 நாள் ஆனதும் சம்பளம் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, சில எம்ப்ளாயர்கள் அதை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். நீங்களாகவே சொந்தக் காரணத்துக்காகச் சம்பளமில்லா விடுப்புக் கேட்டால் அவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஷட்டவுன் வாரத்தில் "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, இந்த லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடுங்க, எல்லாரும் போட்டாச்சு" என்று தேன் ஒழுகப் பேசுவார்கள். போடாதீர்கள். "நான் விடுப்புக் கேட்கவில்லை, வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்று ஒரு வரி மெயில் அனுப்பிவிட்டு, அதைச் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் வைத்துக்கொண்டு, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள். எம்ப்ளாயர் வைத்திருக்கும் வழக்கறிஞர் எம்ப்ளாயருக்குத்தான் வழக்கறிஞர்.

வேலையே போய்விட்டால் நிலைமை இன்னும் சிக்கல். வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள், நாட்டில் தங்கும் கடைசித் தேதியைக் காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான், அதற்குள் புது எம்ப்ளாயர் மனுப் போட வேண்டும். மனு போகும் யுஎஸ்சிஐஎஸ் திறந்திருக்கும், ஆனால் மனுவுக்குத் தேவையான எல்சிஏவைத் தருவது தொழிலாளர் துறை, அந்தத் துறைக்குப் பணம் இல்லையென்றால் அது மூடியிருக்கும். 2025 அக்டோபர் 1 முதல் அந்த மாதக் கடைசி வரை புது எல்சிஏவும் இல்லை, கிரீன் கார்டுக்கான பெர்ம் வேலையும் இல்லை. 60 நாளில் பாதி இப்படியே போனவர்கள் உண்டு. ஷட்டவுனால்தான் மனு தாமதமானது என்று காட்டினால் யுஎஸ்சிஐஎஸ் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது, அது உரிமை இல்லை, அவர்கள் பார்த்துச் செய்வதுதான். அதனால் வேலை மாறும் எண்ணம் இருந்தால் எல்சிஏவை செப்டம்பரிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். படிப்பு முடித்து மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் ஓபிடியில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலையில்லா நாட்களுக்கு 90 நாள் வரம்பு இருக்கிறது, ப்ராஜெக்ட் நின்றதுமே கல்லூரியில் மாணவர் விசாவைப் பார்த்துக்கொள்ளும் டிஎஸ்ஓவிடம் பேசிவிடுங்கள்.

கையில் காசு

மூன்று மாதச் செலவு கையில் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், வந்த புதிதில் டெபாசிட், கார், சோபா எல்லாம் வாங்கிவிட்டு யாரிடம் மூன்று மாதம் இருக்கும்? இரண்டு வாடகையாவது வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், வாடகை தவறும் முன்பே வாடகை வீட்டை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு எழுதுவது. டிசி சுற்றுவட்டாரத்தில் இவர்களுக்கு ஷட்டவுன் பழகிப்போன விஷயம், தாமதக் கட்டணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள், கேட்காவிட்டால் யாரும் தானாகச் செய்ய மாட்டார்கள். அரசு ஊழியர்களுக்குக் கடன்காரர்களிடம் கொடுக்க மாதிரிக் கடிதங்களையே மத்திய அரசின் பணியாளர் அலுவலகமான ஓபிஎம் வெளியிடுகிறது, கான்ட்ராக்டர்களும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். நேவி ஃபெடரல் போன்ற கிரெடிட் யூனியன்கள் (கூட்டுறவு வங்கிகள்) ஷட்டவுன் நேரத்தில் வட்டியில்லாக் கடன் தருகின்றன, ஆனால் ஏற்கெனவே அங்கே சம்பளம் விழுந்துகொண்டிருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் பணமாக மட்டும் எடுக்காதீர்கள், முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். கேபிடல் ஏரியா ஃபுட் பேங்க் 2025இல் அரசு ஊழியர்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் சேர்த்தே உணவுப் பொருள் கொடுத்தது, கூச்சப்பட வேண்டியதில்லை.

வேலையில்லா உதவித்தொகை பற்றிக் கேட்பார்கள். ஃபர்லோவில் இருக்கும் அரசு ஊழியர் விண்ணப்பிக்கலாம், நிலுவை வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளம் நின்றுபோன கான்ட்ராக்டர், கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால், மாநிலத்திடம் விண்ணப்பிக்கலாம், வாரத்துக்குச் சில நூறு டாலர் வரும். எச்1பியில் இருப்பவருக்கு இது பொதுவாகக் கிடைக்காது, ஏனென்றால் எந்த வேலைக்கும் உடனே போகத் தயார் என்று காட்ட வேண்டும், விசா அதற்கு இடம் தராது.

முடிந்த பிறகு

கான்ட்ராக்டர்கள் டிவியைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையிலேயே லாக்இன் செய்ய வேண்டாம். நிறுத்தச் சொன்னது எழுத்தில் வந்தது போலவே தொடங்கச் சொல்வதும் எழுத்தில் வர வேண்டும், அதுவரை பார்க்கும் வேலைக்குப் பில் இல்லை. அரசு ஊழியர் வீட்டில் இருப்பவர்கள் முதல் பே ஸ்லிப்பில் இரண்டு மூன்று பிரீமியம் சேர்த்துப் பிடித்திருப்பதைப் பார்த்துத் தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள். எச்1பியில் இருப்பவர்கள் அந்த மாதங்களின் பே ஸ்லிப் ஒவ்வொன்றையும் இறக்கிப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த ட்ரான்ஸ்ஃபரிலோ நீட்டிப்பிலோ அதைத்தான் முதலில் கேட்பார்கள். நடுவில் ஒரு ஓட்டை விழுந்திருந்தால், எம்ப்ளாயரிடம் எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவுக்கு டபிள்யூஎச்-4 படிவத்தில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை, சம்பளம் நின்றதிலிருந்து 12 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.